கூட்டமாக மியூசியம் போகிறவர்களுக்கு

பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லோரும் கலந்த கூட்டத்தைப் பலமுறை மியூசியத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது இதுதான்: சேர்ந்து போங்கள், ஆனால் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். ஒருவருக்குப் பழைய நாணயங்கள் இருக்கும் பெட்டியை விட்டு நகர மனம் வராது, இன்னொருவர் அதே அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலில் வந்து நிற்பார், இந்த இரண்டு பேரையும் ஒரே வேகத்தில் நடக்க வைத்தால் இருவருக்குமே அந்த நாள் வீண்.

இப்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து பார்க்க இரண்டு கூடங்களை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுகிறோம். மீதி நேரம் அவரவர் இஷ்டம். எத்தனை மணிக்கு எங்கே திரும்பக் கூடுவது என்பதில் மட்டும் கறாராக இருப்பேன். அதற்கு 'வாசல்' என்று சொல்லாதீர்கள், பெரிய இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கும். உட்கார இடமுள்ள ஒரு கூடத்தைச் சொல்லுங்கள்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு எல்லாவற்றையும் பார்க்காமல் போவதா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். பாரிஸ் லூவ்ரில் காட்சிக்கு வைத்திருப்பவை மட்டுமே சுமார் 35,000. ஒவ்வொன்றின் முன்னும் 10 நொடி நின்றாலும் 97 மணி நேரம் ஆகும், நடக்கிற நேரம் தனி. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-லேயே மியூசியக் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். வயதானவர்களின் முதுகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முக்கியமானதை முதல் ஒரு மணி நேரத்தில், காலில் தெம்பு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் விடுமுறை நாள். லூவ்ருக்குச் செவ்வாய், அதே ஊரில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வாடிகன் அருங்காட்சியகங்களை மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. ஒரே பயணத்தில் இரண்டு மூன்று இடம் போவதாக இருந்தால் இதைப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

* * *

மேலே எழுதியவருக்கு: நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, வழிகாட்டி விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். ஓர் இடத்தில் எங்களுக்கு அமைந்தவர் விஷயம் தெரிந்தவர்தான், ஆனால் மூச்சு விடாமல் பேசினார், பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, முன்னால் நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்களே தவிர ஓவியத்தைப் பார்க்கவில்லை. வாடிகனின் சிஸ்டைன் தேவாலயத்துக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது, அதனால் வெளியிலேயே படங்களைக் காட்டிச் சொல்லி முடித்துவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள். எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது, எங்கே போனாலும் கதையை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் 1642-ல் வரைந்த 'இரவுக் காவல்' என்ற காவல் படை ஓவியத்தின் முன்னால் நின்றபோது, பெரியவர்கள் நாங்கள் நடுவில் இருக்கும் கேப்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த சிறுமி, பின்னால் வெளிச்சத்தில் நிற்கும் பெண்ணின் இடுப்பில் ஒரு கோழி தொங்குவதைக் காட்டி, "அது ஏன்?" என்று கேட்டாள். அந்தக் காவல் படையின் சின்னத்தில் பறவையின் கால் நகங்கள் உண்டு, கோழி அதற்காகத்தான். கேள்வி வந்த பிறகு சொன்னதால் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். அதிலிருந்து பிள்ளைகளை முன் வரிசையில் விட்டு, அவர்கள் கேட்கும் வரை நாங்கள் வாயைத் திறப்பதில்லை.