லிஸ்ட் இட்டரேட்டரில் < ஏன் இல்லை? != போட்டால் லூப் நிற்கவில்லை

கேள்வி:
சி++20, ஜிசிசி கம்பைலர். இட் என்பது இட்டரேட்டர் (உறுப்புகளைச் சுட்டி நகரும் குறி), எண்ட் என்பது கடைசி உறுப்புக்கு அடுத்த இடம். வெக்டரில் 'இட் < எண்ட்', 'இட் += 2' என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிக்கும் லூப் ஓடிக்கொண்டிருந்தது. கண்டெய்னரை ஸ்டட்::லிஸ்ட் ஆக மாற்றியதும் இரண்டு ஆபரேட்டருக்கும் கம்பைல் எரர். += இடத்தில் ++ இரண்டு முறை, < இடத்தில் != போட்டேன். 6 உறுப்பு இருந்தால் சரி. 5 இருந்தால் லூப் முடிவதே இல்லை. ஏன்?

பதில் 1:
லிஸ்டின் நோடுகள் (ஓர் உறுப்பையும் அடுத்த நோடின் முகவரியையும் வைத்திருக்கும் துண்டுகள்) மெமரியில் எங்கெங்கோ கிடக்கும். எது முன்னால் என்று அறிய ஒவ்வொரு நோடாக நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு செலவுள்ள வேலையை < என்ற சின்னக் குறிக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. அதனால் வெக்டர், டெக், அர்ரே போன்ற ரேண்டம் ஆக்சஸ் (எந்த உறுப்புக்கும் நேராகத் தாவக்கூடிய) வகைக்குத்தான் < உண்டு. லிஸ்ட், மேப், செட்டுக்கு ==, != மட்டும்.

லூப் நிற்காததற்குக் காரணம், ஜிசிசி நூலகத்தில் லிஸ்ட் ஒரு வளையம். கடைசி உறுப்புக்குப் பின் எண்ட் நோடு, அதற்கு அடுத்தது மறுபடி முதல் உறுப்பு. 1, 3, 5 படித்தபின் முதல் ++ எண்டுக்குப் போகும், அடுத்த ++ உறுப்பு 1-க்கே வந்துவிடும். சோதனை நடக்கும் நேரத்தில் இட் ஒருபோதும் எண்டில் இருக்காது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் வெக்டர் லூப்பும் சரியில்லை, அதைக் கவனியுங்கள். 5 உறுப்பில் இட் கடைசி உறுப்பில் இருக்கும்போது += 2 செய்தால் எண்டைத் தாண்டுகிறது. தாண்டுவதே வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று மொழி உத்தரவாதம் தராது. < அதற்குப் பிறகுதான் வருகிறது. இதுவரை ஓடியது தற்செயல்.

இரண்டு கண்டெய்னருக்கும் பொருந்தும் வழி: நிபந்தனை 'இட் != எண்ட்', நகர்த்த 'ஸ்டட்::ரேஞ்சஸ்::அட்வான்ஸ்(இட், 2, எண்ட்)'. எண்ட் வந்ததும் அங்கேயே நின்றுவிடும். நகர முடியாமல் மீந்த எண்ணிக்கையைத் திருப்பித் தரும்.

கேட்டவர்:
நன்றி, இரண்டும் சரியாக ஓடுகின்றன. சொந்தமாக ரேண்டம் ஆக்சஸ் இட்டரேட்டர் எழுதினால் ஒப்பிடும் ஆறு ஆபரேட்டரும் எழுத வேண்டுமா?

பதில் 2:
சி++20-இல் வேண்டாம். == இருந்தால் != தானே கிடைக்கும், <=> (மூவழி ஒப்பீடு) இருந்தால் மற்ற நான்கும். <=>-ஐ டீஃபால்ட் என்று விட்டால் ==-உம் சேர்ந்து வரும்; உடலை நீங்களே எழுதினால் ==-ஐத் தனியாக எழுதியாக வேண்டும், பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கிளாஸுக்குள் மெம்பராக எழுதினால் கடைசியில் கான்ஸ்ட் (பொருளை மாற்றாது என்ற குறி) போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கம்பைலர் இருபக்கமும் மாற்றிப் பார்த்து, எதை எடுப்பது என்று குழம்பி வார்னிங் தரும்.