எக்கோவில் ‘நார்மல்’ என்று வந்தாலும் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

எக்கோ டெக்னீஷியன்:
மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகள் இதயத்தைப் பலவீனமாக்கலாம்; அதைக் கவனிக்கத்தான் எக்கோ (இதய ஸ்கேன்). இவற்றைப் போடுகிறவர்கள் கொண்டுவரும் எக்கோ ரிப்போர்ட்டில் கடைசி வரி ‘நார்மல்’ என்றிருக்கும்; முந்தைய எண் எங்கும் இருக்காது. இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 66-லிருந்து 55-க்கு இறங்கியிருந்தாலும், 55-ஐத் தனியாகப் பார்த்தால் நார்மல்தான். அதனால் முதல் மருந்து ஏறும் முன்பே ஒரு எக்கோ வேண்டும். இடது மார்பில் ஆபரேஷன் என்றால் அதற்கும் முன்பே எடுத்துவிடுங்கள். கட்டும் வலியுமாக இருக்கையில் புரோப் வைக்க இடம் கிடைக்காது, படமும் தெளியாது.

இ.எஃப். இறங்கும் முன்பே ஸ்ட்ரெயின் (ஜி.எல்.எஸ்., இதயத்தசை எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் எண்) குறையத் தொடங்கும். மைனஸ் 20 இருந்தது மைனஸ் 16.5 ஆனால் 17.5% சரிவு. 15%-ஐத் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். 8%-க்குள் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. எப்போதும் அதே மெஷின், முடிந்தால் அதே ஆள். கம்பெனி மாறினால் எண்ணும் மாறும். அன்றைய பி.பி.யையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். போனமுறை 120, இந்தமுறை 170 என்றால், இதயத்தசை கெடாமலேயே ஸ்ட்ரெயின் குறைந்து தெரியும்.

கீமோ வார்டு நர்ஸ்:
சார் சொன்ன பி.பி. விஷயம் ரொம்ப முக்கியம். டிராஸ்டுசுமாப் ஒரு வருடம் ஓடும். 3 மாதத்துக்கு ஒரு எக்கோ. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தள்ளிப்போடவே கூடாது, ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. இ.எஃப். முதல் எண்ணிலிருந்து 16 புள்ளி இறங்கினாலோ, 10 புள்ளி இறங்கி நார்மலுக்குக் கீழே போனாலோ, குறைந்தது 4 வாரம் மருந்தை நிறுத்தி மறுபடி எக்கோ பார்ப்பார்கள். பயந்துவிடாதீர்கள். இதயம் தேறினால் பெரும்பாலும் மருந்தைத் தொடர முடியும்.

மூச்சு வாங்கினால் ‘கீமோ அசதி’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறதா, ஒரு தலையணை இரண்டாகிவிட்டதா, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறியதா, கணுக்கால் வீங்குகிறதா என்று கேளுங்கள்; இருந்தால் காரணம் இதயமாக இருக்கலாம். ரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும்தான். ஆனால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

இதய மருத்துவர்:
டாக்ஸோரூபிசினில் மொத்தக் கணக்குதான் பேசும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் 4 சுற்று என்றால் 240. மொத்தம் 400-ஐ எட்டும்போது சுமார் 5% பேருக்கும், 550-இல் சுமார் 26% பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் திரும்பி வந்தால் பழைய கணக்கோடு கூட்டித்தான் முடிவெடுப்போம்; பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள்.

இ.எஃப். இறங்கினால் சிகிச்சைக்கு அவசரம் ஏன் என்றால், அப்படி இறங்கியவர்களை வைத்து 2010-இல் இத்தாலியின் மிலான் குழு வெளியிட்ட ஆய்வில், கீமோ முடிந்த 2 மாதத்துக்குள் இதய மருந்தான எனலாப்ரிலும், தாங்க முடிந்தவர்களுக்குக் கார்வெடிலாலும் தொடங்கியவர்களில் 64% பேருக்கு இ.எஃப். முழுதாகத் திரும்பியது. 6 மாதம் கடந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் அப்படித் திரும்பவில்லை.

ட்ரோபோனின் (இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுப்பதானால் முதல் சுற்றுக்கு முன்பே ஒன்று எடுத்துக்கொண்டு, பிறகும் அதே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் கிட் வேறு, அளவுகோலும் வேறு.