ஓடாத மோட்டார் 6000 சுற்று காட்டிய கதை

சரவணம்பட்டி

மோட்டாருக்குக் கரண்ட் போகும் ஒயர் கழன்று கிடக்கிறது. மோட்டார் அசையவில்லை. லேப்டாப்பில் மட்டும் நிமிடத்துக்கு 6000 சுற்று என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி பதினொரு மணி. புரோகிராமை மூன்று முறை திருத்தி எழுதினேன், அப்போதும் 6000 தான்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த சூட்டில், மாடியில் பிளைவுட் பலகையில் காடி வெட்டி, இரண்டு பக்கமும் செம்பு டேப் ஒட்டி, நானும் மாமன் மகனும் ஸ்லாட் கார் (காடியில் ஓடும் பொம்மை ரேஸ் கார்) டிராக் போட்டோம். 1/32 அளவு கார், 12 வோல்ட், கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிய மோட்டார். ஒரே லேபிள் ஒட்டிய ஆறு மோட்டார் வாங்கினால் ஆறும் ஆறு விதமாக ஓடும். எது நல்லது என்று காதில் சத்தம் கேட்டுத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். 1937லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்த கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு காதை நம்புவது எனக்கே கூச்சமாக இருந்தது. சரி, ஒரு டைனோ, அதாவது மோட்டாரின் பலத்தை அளக்கும் கருவி, கட்டிவிடுவோம் என்று இறங்கினேன்.

நான் எடுத்தது பிளைவீல் வழி. மோட்டார் தண்டில் ஒரு பித்தளைத் தட்டை மாட்டி, நின்ற நிலையிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டியது. தட்டின் எடையும் ஆரமும் தெரிந்தால் அதைச் சுழற்ற எவ்வளவு பாடு என்பது கணக்கில் வந்துவிடும். வேகம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று அளந்தால் டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கும், அதை வேகத்தோடு பெருக்கினால் பவர். பிரேக் வேண்டாம், தராசு வேண்டாம். தட்டில் பாதிக்குக் கறுப்பு பெயின்ட், எதிரே வெளிச்சம் பட்டுத் திரும்புவதை எண்ணும் சென்சார், ஆர்டுயினோ நேனோ என்ற ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு. அவ்வளவுதான் சாமான்.

ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் 30 மில்லி விட்டம், 8 மில்லி கனம், நடுவில் 2 மில்லி ஓட்டை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது பம்பரத்துக்குங்களா?" நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றும் என்றதும் முகம் மாறிவிட்டது. ஓட்டையைத் தனியாகப் போட்டால் ஆடும் என்று, ஒரே பிடியில் வெளிவட்டத்தையும் ஓட்டையையும் கடைந்து கொடுத்தார். 48 கிராம் வந்தது. அந்த வேகத்தில் தட்டின் ஓரம் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதனால் முறுக்கு சுடும் தடிமனான அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடித்தான் ஓட்டுகிறேன். வீட்டில் கேட்டால் எதற்கு எடுத்தேன் என்று சொல்வதில்லை.

அப்புறம் அந்த 6000. சித்தப்பா கணபதி ஏரியாவில் இருபது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர். மறுநாள் வந்து பார்த்தார். சென்சாரைத் தொடக்கூட இல்லை. "கண்ணு, அந்த ட்யூப்லைட்ட நிறுத்திப் பாரு" என்றார். நிறுத்தினேன். பூஜ்யம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட ட்யூப்லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. 100 பெருக்கல் 60, ஆறாயிரம். சென்சார் விளக்கை எண்ணியிருக்கிறது. பாத்திரம் மூடாமல் சோதனை பார்த்ததற்குத் தண்டனை.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். எனக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆறு மோட்டாரும் கிளம்பும் இடத்தில் ஏறக்குறைய ஒரே டார்க் காட்டுகின்றன. நம்ப முடியவில்லை.

பொள்ளாச்சி

நீங்கள் எதில் கரண்ட் கொடுக்கிறீர்கள்? அடாப்டர் என்றால் அதுதான் வினை. இந்த மோட்டார் கிளம்பும்போது 3 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 2 ஆம்பியர் அடாப்டர் அதற்கு மேல் தராது. டார்க் கரண்டைப் பொறுத்தது, ஆக நீங்கள் அளந்தது மோட்டாரை அல்ல, அடாப்டரை. பைக் பேட்டரி வையுங்கள்.

நான் பட்ட பாடு வேறு. இரண்டு மோட்டாரை எதிர் எதிரே வைத்து, தண்டுகளை சிலிகான் டியூபால் இணைத்து, ஒன்று ஓட்ட இன்னொன்று ஜெனரேட்டர். லோடுக்கு பைக் இண்டிகேட்டர் பல்பு. பல்பு எரிந்ததும் பையன் கைதட்டினான், நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு ரெசிஸ்டன்ஸ், சூடேறினால் பல மடங்கு. லோடே நழுவிக்கொண்டிருந்தால் என்னத்தை ஒப்பிடுவது? ஒயர் சுற்றிய பீங்கான் ரெசிஸ்டர் மாற்றியபின் சரியானது. ஆனாலும் ஜெனரேட்டர் பக்கம் எவ்வளவு வீணாகிறது என்பது தெரியாது. எது உசத்தி எது மட்டம் என்று வரிசைப்படுத்த மட்டும் போதும்.

ஈரோடு

பாலிடெக்னிக் லேபில் டிரம்மில் பெல்ட் சுற்றி, ஸ்பிரிங் தராசு இரண்டு மாட்டி, டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றி லோடு டெஸ்ட் செய்திருப்பீர்கள். பிரான்சில் புரோனி என்ற இன்ஜினியர் 1821இல் செய்த பிரேக்கின் வம்சம் அது. அதையே குட்டியாகச் செய்தேன். 10 மில்லி புல்லி, அதன் மேல் விசைத்தறி நூல், ஒரு முனையில் எடைக்கல், மறுமுனை நகைத் தராசில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆரத்தால் பெருக்கினால் டார்க்.

கணக்கு சரிதானுங்க. நூல்தான் சரியில்லை. சுமார் பத்து வாட் மொத்தமும் அந்தத் துளி நூலில் சூடாக இறங்குகிறது. நாலு வினாடியில் துணி தீய்ந்த வாசம், நூல் அறுந்து எடைக்கல் கால் விரலில். மூன்று நாள் செருப்பு போடவில்லை. தண்ணீர் ஊற்ற அதில் இடமும் இல்லை. நானும் பிளைவீலுக்கே வந்துவிட்டேன்.

சரவணம்பட்டி

பொள்ளாச்சிக்காரர் சொன்னது அப்படியே உண்மை. பைக் பேட்டரி வைத்ததும் ஆறும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. நாங்கள் சத்தத்தை வைத்து ராஜா என்று கொண்டாடிய மோட்டார் லோடு இல்லாமல் 21,300 சுற்று. கிளம்பும் டார்க் 165 கிராம்-சென்டிமீட்டர். ஓரமாகத் தூக்கிப் போட்டிருந்தது 19,600 சுற்றுதான், ஆனால் 205. இந்த வகை மோட்டாருக்கு டார்க் கோடு ஏறக்குறைய நேராக இறங்கும், அதிகபட்ச பவர் பாதி வேகத்தில் வரும். அதன்படி ராஜா 9 வாட், மற்றது 10 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் டிராக்கில் நேர்வழி குறைவு, வளைவுதான் அதிகம். காரில் மாற்றி மாட்டி ஓட்டினோம். மாமன் மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, ராஜா அவனுடையது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அடுத்தடுத்து ஓட்டினால் மூன்றாவது தடவை எண் இறங்கும். சுருள் சூடேறி ரெசிஸ்டன்ஸ் கூடும், காந்தமும் தளரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுகிறேன். கரண்டை நிறுத்தியபின் தட்டு தானாக வேகம் குறைவதையும் பதிவு செய்து, உராய்வில் போனதைத் தனியாகப் பார்க்கிறேன்.

தட்டு கடைய நினைப்பவர்கள் ஓட்டையை 2 மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவாகக் கேளுங்கள், தண்டில் இறுக்கி ஏற்றத்தான். பக்கவாட்டு ஸ்க்ரூ வேண்டாம். முதல் தட்டில் நான் வைத்தேன், ஸ்க்ரூ இருந்த பக்கம் எடை ஏறி மேஜையே நடுங்கியது.