பழைய கார்னெட்டைச் சோதித்துப் பார்த்தபோது: அனுபவப் பகிர்வு

கார்னெட் வாசிப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். பிறர் கையில் பல காலம் இருந்த கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற பித்தளை ஊதுகருவி) ஒன்றை வாங்கலாமா என்று முடிவு செய்வதற்காக அதை நிதானமாகச் சோதித்தேன், பார்த்ததை எழுதுகிறேன். விரலால் அழுத்தும் மூன்று பிஸ்டன் வால்வுகளுடன் பி ஃபிளாட் சுருதியில் அமைந்த கருவி அது. கைக்கு அடக்கமாகத் தெரிந்தாலும், சுருண்டிருக்கும் குழாயை நீட்டி அளந்தால் டிரம்பெட்டைப் போலவே ஏறத்தாழ 1.4 மீட்டர் வரும். அவ்வளவு நீளத்தை இவ்வளவு நெருக்கமாக வளைத்திருப்பதால், கோளாறுகள் பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

விற்பவர் கருவியின் விரிந்த வாயைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்; அதன் விளிம்பருகே இருந்த சிறு நசுங்கலுக்காக மிகவும் வருத்தப்பட்டார். எனக்கு அது பொருட்டாகப் படவில்லை. அகன்ற பகுதியில் விழும் நசுங்கல் ஒலியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதே அளவு நசுங்கல், உதடு வைத்து ஊதும் மவுத்பீஸுக்கு அருகிலுள்ள குறுகிய குழாயில் விழுந்திருந்தால், சில சுரங்கள் நிலைகொள்ளாமல் தடுமாறும். ஆகவே மவுத்பீஸையும், சுருதியைச் சரிசெய்ய இழுத்து நகர்த்தும் குழாயான சுருதி ஸ்லைடையும் கழற்றிவிட்டு, லீட்பைப் எனப்படும் முதற்குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன்.

வாசிப்பவரின் மூச்சும் எச்சிலும் முதலில் படுவது அந்தக் குழாயில்தான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. நாளடைவில் அமிலத்தன்மை கொண்ட ஈரம் துத்தநாகத்தை மட்டும் அரித்து வெளியேற்ற, எஞ்சும் செம்பு நுண்துளைகளோடு வலுவிழந்து நிற்கிறது. இந்த அரிப்பு உள்ளிருந்து வெளியே வருவதால், கறையான் தின்ற கதவைப் போல, மேற்பூச்சு நன்றாக இருக்கும்போதே உலோகம் போயிருக்கலாம். வெளியே தெரியும் அடையாளம், நடுவில் கரும்புள்ளியோடு கூடிய இளஞ்சிவப்புத் திட்டு. கை படும் இடத்தில் லாக்கர் எனப்படும் அந்த மேற்பூச்சு தேய்ந்து உலோகம் நிறம் மங்கியிருப்பதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தோற்றக் குறை மட்டுமே. நான் பார்த்த கருவியில் பச்சைக் களிம்பு கொஞ்சம் படிந்திருந்தது, சிவப்புத் திட்டு இல்லை. களிம்பு கழுவினால் போய்விடும்.

அடுத்து வால்வுகள். பிஸ்டன்களுக்குப் புது எண்ணெயும், ஒவ்வொரு வால்வோடும் இணைந்த இழுகுழாய்களான ஸ்லைடுகளுக்குக் கிரீஸும் இட்டபின், வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சிறிது வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்தினேன். காற்றுக்கசிவு இல்லாவிட்டால் ‘டப்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். முதல் இரண்டிலும் கேட்டது. மூன்றாவதில் சற்று மந்தமாகத்தான் கேட்டது. ஸ்லைடு உலர்ந்திருந்தால் காற்று அதன் வழியாகவே கசிந்து, குற்றமற்ற பிஸ்டன்மேல் பழி விழும்; கிரீஸ் இடாமல் செய்யும் சோதனையை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. விற்பவர் உடன் கொடுத்தது டிரம்பெட் மவுத்பீஸ். அதன் தண்டு கார்னெட்டுக்கு உரியதைவிடப் பருமனாக இருப்பதால் சரியாக உள்ளே போய் அமராது. அதைக் கொண்டு வாசித்துவிட்டு, சுருதி சேரவில்லை என்று கருவியைத் தள்ளுவது நியாயமில்லை. உரிய மவுத்பீஸை வரவழைத்து வாசித்துப் பார்த்த பிறகே வாங்கினேன்.

பழுதுநீக்கும் பட்டறையில் பணிபுரிபவர்:

மேலே எழுதியவர் சொன்ன வரிசை சரியானதே. இரண்டாம் வால்வின் ஸ்லைடையும் பார்த்திருந்தால் நன்றாயிருக்கும். அது பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பதால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. அடியின் வேகம், பிஸ்டன் ஏறி இறங்கும் வால்வு உறையை மிகச் சிறிதளவு உள்ளே தள்ளினாலே பிஸ்டன் உரசத் தொடங்கிவிடும். பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அழுக்கால் சிக்கும் பிஸ்டன் கழுவி எண்ணெயிட்டதும் சரியாகும். கழுவிய பிறகும் ஒரே இடத்தில் சிக்கினால், உறை கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சுரண்டியும் தேய்த்தும் சரிசெய்ய முயன்றவர்களின் கருவிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் கசிவை நிறுத்துவது முதல் பழுதைவிடக் கடினமாக இருந்தது.

அளவுக்கு மீறிப் பளபளக்கும் பழைய கருவியையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், மெருகேற்றும்போது உலோகத்தையும் சேர்த்துத் தேய்த்து மெலிய வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சிக்கிக்கொண்ட மவுத்பீஸைக் குறடால் முறுக்க வேண்டாம். லீட்பைப்பே முறுகிப் பற்றாசு விட்டுப்போகும். அதை இழுத்தெடுப்பதற்கென்றே கருவி உண்டு.

இசைக்குழு மாணவர்களுக்குக் கற்பிப்பவர்:

வாங்கிய பின் செய்ய வேண்டியதைப் பற்றிச் சிறிது. மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது, வாசித்து முடித்ததும் நீரை வடித்துவிட்டுப் பெட்டியில் வைப்பதும், இனிப்புப் பானம் குடித்தவுடன் ஊதாதிருப்பதும்தான். மேலே விவரித்த அரிப்பைத் தள்ளிப்போட இவ்விரண்டும் பெருமளவு உதவுகின்றன. கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் நீளத் தூரிகையும் போதும். கொதிநீர் லாக்கரை உரித்துவிடும். பிஸ்டன்களைத் தனியே எடுத்து, கம்பளி வளையங்கள் நனையாதபடி துடைக்க வேண்டும். அவற்றில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். இடம் மாறினாலோ திசை மாறினாலோ காற்று கருவியைக் கடந்து போகாது. மாணவர் கலங்கிப்போய்க் கொண்டுவரும் ‘ஊதவே முடியாத’ கார்னெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

லாக்கர் பூசியதற்கு மென்துணி மட்டுமே போதும், பித்தளை மெருகுப் பசை கூடாது. வெள்ளிப்பூச்சு உள்ளதை ரப்பர் பட்டையோடு சேர்த்து வைத்தால், ரப்பரிலுள்ள கந்தகம் அதைக் கறுக்க வைக்கும். மவுத்பீஸுக்குப் பெட்டியில் தனிப் பள்ளம் இல்லையென்றால் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுங்கள். பெட்டிக்குள் உருளும் மவுத்பீஸ்தான் நான் பார்த்த நசுங்கல்களில் பாதிக்குக் காரணம்.