சயாமாவில் கொழுந்து, கவகோயேயில் நகர்நடை: ஒரே நாளில் முடியுமா?

கல்லடிப்பாலம்:
வணக்கம். மே மாதம் அம்மாவும் நானும் ஜப்பானில் படிக்கிற தம்பியிடம் போறம். அவன் இருக்கிறது சைத்தாமாவில், ஓமியா ஸ்டேஷனுக்குக் கிட்ட. காலமை சயாமாப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிச்சிட்டு, பின்னேரம் கவகோயே பழைய நகரத்தில் நடக்கலாம் என்று யோசனை. பறிச்ச கொழுந்தைத் தம்பியின் அறையிலேயே தேயிலை ஆக்கிப் பார்க்கவும் ஆசை. அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் நோவு இருக்கு. எந்தத் திகதி நல்லம், எந்த ரெயின், அலைச்சல் இல்லாமல் முடியுமா?

முகத்துவாரம்:
முடியும் தங்கச்சி, ஆனால் ஒழுங்கைத் திருப்புங்க. முதலில் நகரம், மறுகா கொழுந்து.

காரணம் இதுதான். அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து தொழிற்சாலைக்குப் போனபின் 12 முதல் 18 மணித்தியாலம் வரை வாட விடுவார்கள். கறுப்புத் தேயிலைக்கு அந்த வாட்டம் வேணும். அதனால் "கொஞ்சம் வாடினால் என்ன" என்றுதான் எங்கட ஆக்கள் நினைப்பது. ஜப்பான் பச்சைத் தேயிலைக்கு இது நேர் எதிர். பறித்த கையோடு ஆவியில் அவித்து, இலையைச் சிவக்க வைக்கிற நொதியத்தைச் செயலிழக்கச் செய்ய வேணும். பிளாஸ்டிக் பையில் கட்டி நாலு மணித்தியாலம் கவகோயேயில் சுற்றினால், இலை மூச்சு விட்டு உள்ளே சூடேறி, விளிம்பு சிவந்து போகும். அதை அவித்தாலும் பச்சை நிறம் திரும்பாது. காலமை பறித்தால் அந்தக் கொழுந்து பகல் முழுக்க உங்கட தோளில். பின்னேரம் பறித்தால் இரண்டு மணித்தியாலத்தில் அடுப்புக்கு வந்துவிடும்.

ஓமியாவில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. ஜே.ஆர். கவகோயே லைனில் ஓமியாவில் இருந்து கவகோயே 25 நிமிடம் போல. அங்கே இறங்கி மாற வேணும், நேரே போகிற ரெயின் இல்லை. கவகோயேயில் இருந்து ஹாச்சியோஜி போகிற ரெயின் கனெக்கோ ஸ்டேஷனில் நிற்கும், முக்கால் மணித்தியாலம் என்று கணக்குப் போடுங்க. சில ரெயின் வழியில் உள்ள கொமகவா ஸ்டேஷனோடு நின்றுவிடும், அங்கே மாற வேணும். மணிக்கு இரண்டு ரெயின்தான், ஒன்றைத் தவறவிட்டால் அரை மணித்தியாலம் போச்சு. இந்தப் பகுதியில் கதவு தானாகத் திறக்காது, பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்த வேணும். தெரியாமல் கதவு திறக்கும் என்று நின்றால் ரெயின் போய்விடும்.

பெயரைப் பார்த்துச் சயாமாஷி ஸ்டேஷனில் இறங்கிவிடாதீங்க. சயாமாத் தேயிலை என்று விற்பதில் பெரும்பங்கு விளைவது பக்கத்து இருமா நகரத்தில். கனெக்கோ மேட்டுநிலம் அங்கேதான் இருக்கு. மலைநாட்டுச் சரிவு போல இல்லை, பெரும்பாலும் சமதரை. அம்மாவின் முழங்காலுக்கு நல்லம். ஆனால் ஸ்டேஷனில் டக்சி நிற்கும் என்று நம்ப வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே தோட்டக்காரர் வந்து ஏற்றுவாரா என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்க.

நாளின் அளவு: காலை 8 மணிக்கு ஓமியா. 9 மணிக்குக் கிதாயின் கோயில். 10.15க்குப் பழைய தெரு. 12 மணிக்கு மணிக்கூண்டின் மணி. 12.45 ரெயின். 1.45 முதல் 3.15 வரை கொழுந்து. 5 மணிக்கு முன் அறையில்.

சவுக்கடி:
முகத்துவாரம் சொல்வது இலைக்குச் சரி. ஆனால் கன தோட்டங்களில் பறிப்பு காலை 10 மணிக்கு மட்டும்தான். அப்படி அமைந்தால் இலையைச் சுமந்து திரிய வேண்டாம். தோட்டக்காரரே அவித்து உருட்டிக் காட்டுகிற நிகழ்ச்சியைத் தெரிவு செய்யுங்க, அல்லது கொஞ்சத்தை அங்கேயே பஜ்ஜி போலப் பொரித்துத் தருவார்கள், அதைச் சாப்பிட்டு விடுங்க. தெம்புரா என்பார்கள். இளம் கொழுந்து மெல்லிய கைப்போடு நல்லா இருக்கும்.

திகதி: ஜப்பான் வழக்கப்படி பெப்ரவரி தொடக்கத்தில் வசந்தம் தொடங்குகிற நாளில் இருந்து எண்ணி 88வது நாள், மே 1 அல்லது 2, முதல் பறிப்பின் அடையாள நாள். ஆனால் மே 3, 4, 5 தொடர் விடுமுறை. கவகோயேயில் கால் வைக்க இடம் இராது. சயாமா வடக்கே குளிர் கூடிய இடம் என்பதால் பறிப்பு மே நடுப்பகுதி தாண்டியும் நடக்கும். மே 8 முதல் 20க்குள் ஒரு வார நாளைப் பிடியுங்க. திங்கள் வேண்டாம், காட்சியகங்கள் பூட்டு. தோட்டத்தில் கம்பத்தில் மின்விசிறி நட்டிருப்பதைக் கண்டால் அது பனிக்காக: மேலே நிற்கிற சூடான காற்றைக் கீழே தள்ளி, இரவு உறைபனி கொழுந்தைக் கருக்காமல் காக்கும்.

பறிக்கிற விதம் முக்கியம். ஒரு மொட்டும் இரண்டு இலையும். நகத்தால் கிள்ள வேண்டாம், கிள்ளிய இடம் கறுக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தண்டைப் பிடித்து, லேசாக மடித்து முறியுங்க. இளம் தண்டு என்றால் டக்கென்று முறியும். முறியாமல் நாராக இழுபட்டால் அது முத்தியது, விடுங்க. கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பறித்தால் சூட்டில் வாடும், இரண்டு மூன்று பறித்ததும் கூடையில் போடுங்க. வரிசையின் மேல்பக்கம் வளைவாக வெட்டியிருந்தால் அது இயந்திரத்துக்கு விட்டது, அதில் கை வைக்கக் கூடாது.

சென்ட், வாசனை கிறீம், தலைக்கு எண்ணெய் எல்லாம் அன்றைக்கு வேண்டாம். தேயிலை மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடுங்க.

கவகோயே பற்றி ஒன்று. 1893 தீயில் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. 1792இல் கட்டிய ஓசாவா வீடு போன்ற தடித்த மண்சுவர்க் கட்டடங்கள் தப்பின. அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் எல்லோரும் கறுப்புச் சாந்து பூசிய மண்சுவரில் கடைகளைக் கட்டினார்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தெரு அந்தப் பயத்தில் எழுந்தது. மணிக்கூண்டும் தீக்குப் பிறகு 1894இல் திரும்பக் கட்டியது, 16 மீற்றர் உயரம். காலை 6, பகல் 12, பின்னேரம் 3, மாலை 6 என்று நாலு தரம் அடிக்கும். கிதாயினில் இருக்கிற அறைகள் இன்னும் பழையவை: 1638இல் கோயில் எரிந்தபோது எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டையில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. அதே 1638இல்தான் ஒல்லாந்தர் எங்கட மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். அந்த அறைகளில் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்க. உள்ளே சப்பாத்தைக் கழற்ற வேணும், மரத்தரை குளிரும், அம்மாவுக்கு மேசு கட்டாயம். வளவில் உள்ள 538 கற்சிலைகளும் அதே நுழைவுச்சீட்டில் பார்க்கலாம். ஒவ்வொன்றின் முகமும் வேறு, அவசரப்பட வேண்டாம்.

பழைய தெருவில் இருந்து ஸ்டேஷனுக்கு 25 நிமிட நடை. பஸ் நெரிசலில் ஊரும், நேரம் நம்ப ஏலாது. அம்மாவுக்கு நடை கூடிவிட்டால் மணியைக் கேட்டதும் டக்சி பிடியுங்க.

கல்லடிப்பாலம்:
மிச்சம் நன்றி அண்ணன்மாரே. பின்னேரப் பறிப்பு இருக்கிற தோட்டமாகத் தேடச் சொல்றன். இன்னும் மூன்று. தம்பிக்கு லீவு வெள்ளிக்கிழமைதான், அம்மா அன்றைக்கு மரக்கறி. மழை வந்தால் என்ன செய்வது? அறையில் தேயிலை ஆக்குவது எப்படி, கொஞ்சம் பச்சைக் கொழுந்தை ஊருக்கும் கொண்டு வரலாமா?

முகத்துவாரம்:
பச்சை இலை, விதை எதுவும் ஊருக்கு வேண்டாம். தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது.

மழையில் பறிக்கக் கூடாது. ஈர இலை ஆவியில் ஒரே சீராக வேகாது. தோட்டமே நிறுத்திவிடும், உள்ளே கையால் உருட்டுவது மட்டும் நடக்கலாம். பதிவு செய்யும்போது மழைக்கு மாற்றுத் திகதி கேளுங்க.

கொண்டு வருவது: துணிப்பையில் தளர்வாகப் போட்டு, 100 யென் கடையில் வாங்கிய குளிர்ப்பைக்குள், ஐஸ் பொட்டலத்தைக் கடதாசியில் சுற்றி வையுங்க. ஐஸ் நேரே பட்டால் இலை கருகும். அழுத்தி அடைக்க வேண்டாம். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதனால் 400 கிராம் பறித்தால் 80 முதல் 100 கிராம் தேயிலை கிடைக்கும்.

வந்தவுடன் இடியப்பம் அவிக்கிற மாதிரிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக எழும்பியபின், 100 கிராமாகப் பிரித்துத் தட்டில் பரப்பி 40 செக்கன் அவியுங்க. தண்டும் வளைகிற பதம் வேணும். குறைந்தால் சிவக்கும், கூடினால் கூழாகும். எடுத்ததும் விசிறியால் ஆற்றுங்க, சூட்டோடு குவித்தால் மஞ்சளாகும். பிறகு தாச்சியை மிக மெல்லிய நெருப்பில் வைத்து, இலையைப் போட்டுக் கிளறி, இறக்கி, சுத்தமான துணியில் இரண்டு கையாலும் ஒரே பக்கமாக உருட்டுங்க. திரும்பத் தாச்சி, திரும்ப உருட்டல், நாலைந்து தரம். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் வெளிப்பக்கம் கருகி உள்ளே ஈரம் நிற்கும், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். தண்டை முறித்தால் சடக்கென்று உடைய வேணும், அதுதான் முடிவு.

ஊற்றும்போது கொதிநீர் வேண்டாம். கொதித்த தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றி, அதில் இருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றினால் 80 பாகை அளவுக்கு இறங்கும். அதைத் தேயிலையில் ஊற்றி ஒரு நிமிடம் விடுங்க. எங்கட பிளேன்டீக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினால் கைப்பு மட்டும்தான் வரும்.

சம்மாந்துறை வயல்:
தங்கச்சி, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் கவனம் மீன் ரசத்தில்தான். மரக்கறி நூடில்ஸ் என்று போட்டிருந்தாலும் அந்தத் தண்ணி பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுத்தது. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது, எங்கட மாசியின் சொந்தக்காரன். தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்கிற சாற்றிலும் அது இருக்கும், அம்மாவுக்கு வெறும் உப்புக் கேளுங்க. பொரிக்கிற எண்ணெயில் இறால் பொரித்தார்களா என்பதையும் தம்பி விசாரிக்க வேணும். முஸ்லிம்களான எங்களுக்கு இதோடு மிரின் என்கிற அரிசி மதுவும் பிரச்சினை, அதனால் இந்தக் கேள்விகள் எல்லாம் பழக்கம்.

பயமில்லாமல் சாப்பிடலாம் என்றால் சுட்ட வத்தாளங்கிழங்கு. கவகோயே அதுக்குப் பேர்போன இடம், எடோ காலத்தில் ஆற்றுவழியே படகில் எடோவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தோலோடு சுட்டது, வேறு ஒன்றும் சேராது. கடை வாசலில் நின்றே சாப்பிட்டு முடியுங்க, நடந்துகொண்டு சாப்பிடுவதை அங்கே விரும்ப மாட்டார்கள். குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது, தோலுக்கு ஒரு பை கையில் இருக்கட்டும். மத்தியானத்துக்குத் தம்பியின் அறையில் இருந்தே சோறு கட்டிப் போறது நல்லம். தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று முன்பதிவோடு சேர்த்துக் கேட்டு வையுங்க.

கல்லடிப்பாலம்:
சரி நானா. பொத்தான் கதவு, மேசு, உப்பு, கிழங்குத் தோலுக்குப் பை, எல்லாம் தம்பிக்கு இப்பவே எழுதி அனுப்புறன்.