புதுப்பிப்பு: எஸ்டீமுக்கு பிவிசி பைப்பில் செய்த ஏர் இன்டேக்

பழைய மாருதி எஸ்டீம் காருக்கு பிவிசி பைப், எல்போ, கோன் வடிவ ஏர் ஃபில்டர் வைத்து ஏர் இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) செய்ததை எழுதியிருந்தேன். "பவர் ஏறுச்சா?" என்று பலர் கேட்டீர்கள். சத்தம் கம்பீரமாகிவிட்டது, ஆனால் இழுவையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபில்டரை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் நகர்த்தி, இன்ஜின் சூடு தாக்காமல் நடுவே அலுமினியத் தகடு அடித்த பிறகுதான் பலன் தெரிந்தது. காற்றின் சூடு 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும், இன்ஜினுக்கு அந்த அளவு கூடுதல் காற்று கிடைக்கும். டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது இருந்த மந்தம் இப்போது இல்லை.

செய்யப்போகிறவர்களுக்கு: பிவிசி 80 டிகிரி அருகே இளகிவிடும், எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்காதீர்கள். மழைத் தண்ணீரை இன்ஜின் இழுத்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வெட்டிய பைப்பின் உள்விளிம்புப் பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, கழுவிக் காயவைத்த பிறகே மாட்டுங்கள். அந்தத் துகள் நேரே சிலிண்டருக்குள் போகும்.