ஒயின் எத்தனை வருடம் தாங்கும் என்று காட்டும் செம்புத் தகடு: வாங்கலாமா?

பாளை மார்க்கெட் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அத்தான் பிரான்சில் வேலை பார்க்கிறார். போன டிசம்பரில் வந்தபோது போர்தோ சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார், 2019 அறுவடை. அக்காவுக்கும் அவருக்கும் 2032-ல் வெள்ளிவிழா வருகிறது, ஒரு பாட்டிலை அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்து திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அதுவரைக்கும் அது தாங்குமா, இல்லை கெட்டுப்போகுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆன்லைனில் தேடியபோது ஒரு தகடு கண்ணில் பட்டது. விரல் நீளம், நுனியில் செம்பு கலந்த உலோகத்தில் ஒரு பொட்டு. கிளாஸில் ஒரு விநாடி முக்கி எடுத்தால் ஒரு வருடம் கழித்து எப்படி ருசிக்குமோ அப்படி ருசிக்குமாம், பத்து விநாடி என்றால் பத்து வருடம். விலை கொஞ்சம் கூடத்தான். யாராவது வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டில் இப்போது ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில் பழைய சாரத்தில் சுற்றிக் கிடக்கிறது.

கொக்கிரகுளத்தான்

அண்ணாச்சி, தகடு கிடக்கட்டும், முதலில் அந்தப் பீரோவைப் பாருங்கள். சித்திரையில் நம் ஊர்ச் சுவர் ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தாலும் சுடும். அப்புறம் இன்னொன்று, தகட்டை முக்க வேண்டுமென்றால் பாட்டிலைத் திறக்க வேண்டும். இருப்பதே இரண்டு.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்

தம்பி, நீங்கள் சொல்லும் வகையில் பேர் தெரிந்தது கிளெஃப் து வான் என்ற கருவி, பிரெஞ்சு ஒயின் வல்லுநர் ஃபிராங் தோமா முன்னின்று கொண்டுவந்தது. 100 மில்லி ஒயினுக்கு ஒரு விநாடி, அது ஒரு வருடம் என்பது அவர்கள் கணக்கு. முக்கினால் ருசி மாறும், அது உண்மை. எது மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஈயம் பூசாத செம்புப் பானையில் நம் வீட்டுப் பெரியவர்கள் புளிக்குழம்பு வைக்க விடமாட்டார்கள், புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். ஒயினும் புளிப்புதான், பிஎச் 3.5 பக்கம் இருக்கும். அதில் துளியூண்டு கரைகிற செம்பு, ஒயினில் இருக்கும் கந்தக வாடையைப் பிடித்துக்கொள்ளும். அழுகின முட்டை மாதிரி அடிக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு காப்பர் சல்ஃபைடாக மாறி வாடை அடங்கிவிடும். ஒயின் தயாரிக்கிறவர்களே இதற்காகக் காப்பர் சல்ஃபேட்டை மிகக் கொஞ்சமாகச் சேர்ப்பது உண்டு. சர்வதேச அளவில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் செம்பு என்று வரம்பும் இருக்கிறது. வாடை போனதும் உள்ளே அமுங்கிக் கிடந்த பழ வாசனை மேலே வரும், குடிக்கிறவருக்கு ஒயின் பக்குவப்பட்டது போலத் தோன்றும்.

பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் நடப்பது வேறு வேலை. கொட்டைப்பாக்கைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு ஒயினில் டானினால் வருவது, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குகிறது. அது ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் மெல்ல மெல்லக் கோத்துக்கொள்ளும், ஒரு பங்கு மண்டியாக அடியில் தங்கும், ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும், கார்க் வழியாக இம்மி இம்மியாக ஆக்சிஜன் நுழையும், புது ஒயினின் பழ வாசனை குறைந்து வேறு வாசனைகள் பிறக்கும். இவ்வளவையும் ஐந்து விநாடிச் செம்பு செய்துவிடாது. காந்தத்தைக் கழுத்தில் மாட்டி டானினை வரிசைப்படுத்துகிறோம் என்று ஒரு ரகம் விற்றார்கள், அதற்கும் காசு கொடுக்காதீர்கள், டானின் என்ன இரும்புத் தூளா?

சூட்டைப் பற்றிக் கொக்கிரகுளத்துத் தம்பி சொன்னது ரொம்பச் சரி. ஒயினுக்குத் தோதான இடம் 12, 14 டிகிரி. பத்து டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்று வகுப்பில் சொல்லுவோம், ஆனால் எல்லா வினையும் ஒரே மாதிரி வேகமாவதில்லை, அதனால் சூட்டில் வைத்தால் சீக்கிரம் பக்குவப்படும் என்று நினைத்துவிடக் கூடாது. மதெய்ராத் தீவில் ஒயினை வேண்டுமென்றே 45, 50 டிகிரியில் மூன்று மாதமாவது காய்ச்சி எடுப்பார்கள். அது அந்த ஊர்ப் பக்குவம். உங்கள் போர்தோ அப்படி ஆகக் கூடாது.

நாசரேத் ஸ்டூவர்ட்

நான் கப்பலில் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவன். இதே மாதிரித் தகடு ஒன்றை ஒருவர் வைத்திருந்தார், நாலு பேர் சேர்ந்து சோதித்தோம். மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 100 மில்லி, ஒன்றில் மட்டும் ஐந்து விநாடி முக்கியது, எது என்று ஊற்றினவருக்கு மட்டும் தெரியும். அந்த ஒயினில் திறந்ததுமே உரசின தீக்குச்சி வாடை லேசாக இருந்தது. முக்கின கிளாஸில் அது சுத்தமாக இல்லை, நாலு பேரில் மூன்று பேர் மூக்கை வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் வாயில் ஊற்றிப் பார்த்தால் அதே துவர்ப்பு, பல்லின் மேல் அதே பிடிப்பு, நிறத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. வாடையே இல்லாத வேறொரு பாட்டிலில் அப்புறம் செய்தபோது ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐந்து வருடம் என்பது உண்மையானால் அதிலும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே தோட்டம், அதே வருடத்து ஒயினை மற்றவர்கள் இப்போது திறந்து என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான். அத்தானிடம் லேபிளைப் படம் எடுத்து அனுப்பி அந்தக் கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

உடன்குடிப் பிள்ளை

எனக்கு ஒயின் தெரியாது, ஆனால் எங்கள் வீட்டில் கருப்பட்டி எடுத்துவைக்கிற வழக்கம் உண்டு. ஒரே நாளில், ஒரே சட்டியில் காய்ச்சி, ஒரே சிரட்டையில் ஊற்றினதுதான். அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் வைத்தது வருடம் தாண்டியும் கல்லு மாதிரி இருந்தது, உடைத்தால் உள்ளே பளபளவென்று தெரியும். அறை மூலையில் சாக்கில் வைத்தது ஐப்பசி மழைக்கே கசிந்து கையில் ஒட்டியது. வைத்த இடத்தை விட்டுவிட்டு வயதை மட்டும் எந்தத் தகட்டிடம் கேட்பது?

பாளை மார்க்கெட் பக்கம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பீரோவுக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 33 டிகிரி. பாட்டில் இரண்டையும் உடனே எடுத்து பிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்துவிட்டேன். அத்தானிடம் பேசினேன், இத்தனை மாதம் சூட்டில் கிடந்ததால் ஒன்றை இந்தக் கிறிஸ்துமஸுக்கே திறந்து பார்ப்போம் என்கிறார். அது நன்றாக இருந்தால் மற்றதைக் குன்னூரில் சித்தி வீட்டில் வைக்கலாம், அங்கே தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சாமான் அறை இருக்கிறது. தகடு வாங்கவில்லை. அங்கே படுக்க வைத்துத்தானே வைக்க வேண்டும்?

நாசரேத் ஸ்டூவர்ட்

கார்க் என்றால் படுக்க வையுங்கள், காயாது. திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் சரி. காரில் கொண்டுபோகும்போது டிக்கியில் போடாதீர்கள், ஏசி படுகிற இடத்தில் வையுங்கள், விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள்.